ஏற்றம் முடிந்த இடம்

பசறைப் பாதையில் உறுமிக்கொண்டு வந்த பஸ்ஸை, கை காட்டாமல், வாய் திறக்காமல், இரண்டே வரி எழுத்தால் நிறுத்திய வாத்தியார் இந்த ஊவா மாகாணத்திலேயே நான் ஒருவன்தான். பஸ் நின்ற நிற்பில், கூரைமேல் கூடைக்குள் இருந்த கோழிகள் ஒரு வாரம் முட்டையிட மறந்தன. நம்பாவிட்டால் சிவஞானத்தைக் கேளுங்கள்.

சிவஞானம் எங்கள் கல்லூரி உப அதிபர். பதுளையில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பம். எழுபத்து நான்கில் நான் அந்தப் பதுளைக் கல்லூரியில் எழுத்தும் பேச்சும் படிப்பித்தேன். அவருக்கு எழுத்தென்றால் "சமூகத்தின் பொற்பாதங்களை வணங்கி" என்று தொடங்க வேண்டும். பாதத்தைத் தாண்டுவதற்குள் தாள் முடிந்துவிடும். கேட்க வந்த விஷயம் மறுபக்கத்தில் கூனிக்குறுகி நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்கிறவனும் மனுசன், கொடுக்கிறவனும் மனுசன், நடுவில் பாதம் எதற்கு?

வகுப்பில் வள்ளியம்மை என்று ஒரு பிள்ளை, தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து வருவாள். பசறைப் பாதையில் இருக்கும் அவள் சந்தியில், பதுளைக்கு வரும் காலை பஸ் நிற்காது. அடுத்ததில் வந்தால் முதல் பாடம் போய்விடும். இன்னொரு நாள் பிந்தினால் பரீட்சைக்குப் பெயர் போகாது என்று சிவஞானம் சொல்லிவிட்டார். அவர் சொல்லச் சொல்ல, பொற்பாதங்களோடு பஸ் கந்தோர் அதிகாரிக்கு எழுதிப் போட்டாள். பஸ் புகையை விட்டுவிட்டுப் போய்க்கொண்டேதான் இருந்தது.

"எழுத்துல குறையில்ல, ஸலீம் மாஸ்டர். புள்ளையோட ராசி சரியில்ல" என்றார் மனுசன். எனக்கு வந்த கோபத்தில் நமுனுகுல மலை ஓர் அடி தள்ளி உட்கார்ந்தது.

வள்ளியம்மையைக் கூப்பிட்டேன்.

"பிரேக்கை மிதிக்கிறது கந்தோரா?"

"இல்லைங்க சேர், டிரைவரு."

"அவர் ஏன் நிப்பாட்ட மாட்டேங்கிறாருன்னு கேட்டியா?"

என் படிப்பிப்பே இவ்வளவுதான்: வாசிக்கப் போகிறவனுக்கு என்ன கஷ்டம் என்று தெரியாமல் பேனாவைத் திறக்காதே.

அன்று மாலையே பஸ் நிலையத்தில் புஹாரி என்ற டிரைவரைப் பிடித்துக் கேட்டாள். "தங்கச்சி, ஒங்க சந்தி செங்குத்து ஏத்தம். நெறஞ்ச பஸ்ஸ அங்க நிப்பாட்டினா பின்னால உருளும். எந்த டிரைவரும் நிப்பாட்ட மாட்டான்."

மறுநாள் ஒரு பலகையும் நீலப் பெயின்ட்டும் கொண்டு வந்தாள். காலையில் எந்த டிரைவர் வருவாரோ, எந்த மொழிக்காரரோ என்று தமிழில் ஒரு வரி, அதையே சிங்களத்தில் ஒரு வரி: "ஏற்றம் முடிந்தது அண்ணா, இங்கே நின்றால் பஸ் உருளாது."

சிவஞானம் எட்டிப் பார்த்தார். "வணக்கம் எங்க? மரியாதை எங்க? இதப் பாத்து பஸ் நின்னா என் மீசைய எடுத்து ஒங்க மேசையில வைக்கிறேன்!"

"பசையோட கொண்டாங்க. என் மீசை கொஞ்சம் மெலிசு" என்றேன்.

அன்று பின்னேரம் அவர் பசறையில் மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார். விடிந்ததும் அங்கிருந்து நேரே கல்லூரிக்கு வந்தார். அதிபர் ராமாமிர்தம் பரீட்சைப் பெயர்ப் பட்டியலும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"வள்ளியம்மை பேர வெட்டிரவா?"

நான் குதித்து எழுந்தேன். பிள்ளை வந்து சொன்னபடி, அவள் சந்தியை விட்டு மேலே ஏறி, சமதரையில் பலகையைப் பிடித்து நின்றதையும், பஸ் நின்றதையும், கோழிகளையும் சொன்னேன். அறையே சிரித்தது.

"கோழிய விடுங்க மாஸ்டர். பஸ் நெசமா நின்னுச்சா? பசறையில இருந்து வந்தவர் நீங்கதானே, சிவஞானம்?"

சிவஞானம் எழுந்தார். இரண்டு கையாலும் ஒரு புத்தகத்தைத் தொடைக்கு முன்னால் பிடித்திருந்தார். அதையும் மீறி, வெள்ளைக் காற்சட்டையில் நீலப் பெயின்ட் தெரிந்தது.

"நின்னுச்சுங்க" என்றார். "பஸ்ல எடமில்ல. பதுளை வரைக்கும் பலகையை என் மடியிலதான் வச்சிருந்தா."