சாவியக்காவின் ஹேண்டில்பார்

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கூட்டம் என்று ஒன்று உண்டு. சாவியக்காவுக்கு மணிக்கட்டு வலி வந்ததும் அந்தக் கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. பைக்கை விடு என்றார் டாக்டர். நீ கடையில் உட்கார்ந்து சாவி வெட்டு, பூட்டுத் திறக்க நான் வெளியே போகிறேன் என்றான் தம்பி. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் தவித்து நிற்கிறவர்களிடம் பறந்து போய்க் கதவைத் திறந்துவிடுவதுதான் அவள் தொழில், அவள் திமிர், சந்தோஷம் எல்லாம். நாள் முழுக்கக் கடைக்குள் அடைந்து கிடப்பதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

வலி ஏன் வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பார்க்க அழகாயிருக்கும் என்று அவள் பைக்கில் தாழ்வான ஹேண்டில்பாரை மாட்டிவிட்டவன் இதே தம்பிதான். அன்றிலிருந்து உடம்புப் பாரமெல்லாம் அவள் மணிக்கட்டில்தான் இறங்கியது.

அதை மாற்ற அவள் மெக்கானிக் கடைக்குக் கிளம்பியபோது அவனும் ஒட்டிக்கொண்டு வந்தான்.

"வண்டி மேல உக்காருங்க" என்றார் மெக்கானிக். "கண்ணை மூடிக்கிட்டு கையை நீட்டுங்க. எங்க சுகமா நிக்குதோ, அங்கயே வைங்க."

நீட்டினாள். கைகள் பழைய கம்பிக்கு ஒரு சாண் மேலே நின்றன. அந்த உயரத்துக்கு அவர் முதலில் கொண்டுவந்த கம்பி ஊரையே வளைக்கிற அகலத்தில் இருந்தது.

"இதுல என்ன, துணியா காயப் போடப் போறேன்?" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்ததன் நுனிகள் அவள் பக்கமாக வளைந்து வந்தன. பிடித்தாள். முழங்கை லேசாக மடங்க, காதுவரை ஏறிக் கிடந்த தோள் தானாக இறங்கியது. அப்பாடா என்றிருந்தது.

"ஐயோ, எருமைக் கொம்பு மாதிரி இருக்குக்கா!" தம்பி பதறினான். "இதைப் பார்த்தா நாளைக்கு வண்டி வாங்க வர்றவன் ஓடிருவான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"யாருடா வாங்க வர்றது?"

"உன் நல்லதுக்குத்தான்க்கா..."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், என்னைக் கேக்காம என் வண்டிக்கு விலை பேசிட்டியா? அண்ணே, இந்தக் கொம்பையே மாட்டுங்க!"

மாட்டி முடித்து மெக்கானிக் ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பிப் பார்த்தார். கிளட்ச் கேபிள் விறைத்து இழுத்தது.

தம்பி முகத்தில் வெளிச்சம். "பார்த்தியா? எட்டலை. ஒத்து வராது."

"கேபிளுக்குத்தானே எட்டலை, என் கைக்கு எட்டுதே. நீளமான கேபிளா போடுங்கண்ணே."

கேபிள் மாற்றி முடிக்கும் நேரத்தில் கைபேசி அடித்தது. யாரோ ஓர் அம்மாள். கதவு சாத்திக்கொண்டதாம், அடுப்பில் பால் இருக்கிறதாம். தம்பி கருவிப் பையை எடுக்கக் கை நீட்டினான். அவள் முந்திக்கொண்டு அதைத் தோளில் மாட்டினாள்.

"நாளைக்கு வர்றவனுக்கு நீயே பதில் சொல்லி அனுப்பு. நான் இருக்க மாட்டேன், வேலைக்குப் போயிருப்பேன்."

"கை இன்னும் வலிக்குமேக்கா?"

"வலிக்குதுதான். என் கை, நான் பார்த்துக்கறேன்" என்று கிளட்சைப் பிடித்து கியரைப் போட்டாள்.