கட்டைவிரல்

குழந்தைகூடப் போய்விட்டு வரலாம், அப்படிப்பட்ட கடலடிக் குகை அது. உள்ளே எந்தப் பக்கம் திரும்பினாலும் வாசல் வெளிச்சம் தெரியும். அதனால்தான் முதல்முறை முக்குளிப்பவர்களை அங்கே கூட்டிப்போவார்கள். கூட்டிப்போய்க் கூட்டிப்போய்க் குகைக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்ட மனிதர், போன மாதம் அதற்குள்ளே வெலவெலத்துப் போனார். யாரோ காலை உதைத்து மணலைக் கிளப்பிவிட, தண்ணீர் கலங்கி, வெளிச்சம் காணாமல் போயிற்று. மணல் படிந்ததும் மற்றவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். அவரோ அன்றிலிருந்து ஏதாவது சாக்குச் சொல்லி அந்தப் பக்கமே போகாமல் இருந்தார்.

நாளைக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. நாளை மகளின் முதல் முக்குளிப்பு. அப்பாவோடுதான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கைச் சைகைகளை எல்லாம் சாப்பிடும்போதுகூட ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பயம் போய்விட்டதா என்று இன்றே பார்த்துவிட நினைத்தார். அதற்கு அகப்பட்டவர் பல் டாக்டரான ஒரு பெண். நீச்சல் குளத்தில் பழகியவர், கடலுக்குப் புதியவர். யாரோ பெற்ற பெண்ணை வைத்துத் தன் தைரியத்தைச் சோதிப்பது அயோக்கியத்தனம். தெரிந்தேதான் செய்தார்.

படகில் வழக்கமான பாடம் நடந்தது. சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று ஒருவர் மீட்டரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரலை உயர்த்தினால் இத்தோடு போதும், மேலே போகலாம் என்று அர்த்தம். யார் உயர்த்தினாலும் சரி, ஏன் என்று கேட்கக் கூடாது, கரைக்கு வந்த பிறகும் கேட்கக் கூடாது. வலித்தால் கையைத் தூக்குங்கள் என்று தானும் நோயாளிகளிடம் சொல்வதுண்டு என்றார் டாக்டர்.

படகோட்டும் குகைக்காரரின் மச்சினன் சும்மா இருப்பானா. "பயப்படாதீங்க மேடம். எங்க வீட்டு பாத்ரூமைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்."

குகை வாசலிலேயே குகைக்காரருக்கு மூச்சு இரைத்தது. தண்ணீர் கண்ணாடியாய்த் தெளிந்திருந்தது. அது புத்திக்குத் தெரிந்தது, நெஞ்சுக்குத் தெரியவில்லை. சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்கிற டாக்டர், தன் மீட்டரைக் காட்டிவிட்டு அவருடையதைக் கேட்டார். பதற்றத்தில் காற்றை மளமளவென்று தீர்ப்பது எப்போதும் புதியவர்கள்தான். இன்று அவருடைய முள் டாக்டரின் முள்ளைவிடக் கீழே இறங்கியிருந்தது. கட்டைவிரலை உயர்த்த நினைத்தார். மானம் கையைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் அவர் கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு தன் கட்டைவிரலை உயர்த்தினார்.

படகில் ஏறியதும் மச்சினன் டாக்டரைப் பார்த்துச் சிரித்தான். வாசலோடு திரும்பிவிட்டீர்களே, பல்லைப் பிடுங்குகிற கைக்கு இவ்வளவு பயமா என்று கேட்டான். டாக்டர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார், மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனம் குகைக்காரரைச் சுட்டது.

"அவங்க பயப்படலைடா. நான்தான் பயந்தேன். பாப்பாவை நாளைக்கு நீ கூட்டிட்டுப் போ."

மச்சினனின் சிரிப்பு அப்படியே நின்றது. "பாப்பாகிட்ட யாரு மாமா சொல்றது?"

அதற்குள் படகுத்துறை வந்துவிட்டது. புது முக்குளிப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி மாட்டிக்கொண்டு மகள் அங்கே நின்றிருந்தாள்.

"நாளைக்குக் காலையிலதானேப்பா?"

தண்ணீருக்குள் செய்வதுபோல முகத்துக்கு நேரே கட்டைவிரலை உயர்த்தினார்.

மகள் அந்த விரலைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியை மெதுவாகக் கழற்றினாள். பாடத்தை மறக்காத பிள்ளை, ஏன் என்று கேட்கவில்லை.