கயிறு இல்லாத வட்டம்

மார்ச் கடைசியில் ஸ்பிரிங்கர் ஏரியின் நடுவே லாரி ஓட்டலாம். கரையோரத்தில் பூனையைக்கூட இறக்கிவிட முடியாது. நடுவில் இன்னும் இரண்டடி கனத்துக்குப் பனிக்கட்டி கிடக்கும். ஓரமோ வெயில் பட்டுப் பட்டு நைந்துபோயிருக்கும். மீன் பிடிக்கிறவர்கள் கரையிலிருந்து நீளப் பலகை போட்டுத்தான் கெட்டிப் பனிக்கு ஏறுவார்கள்.

வெர்லின் ஓடிகார்டுக்கு அன்று காலை மீன் நினைப்பு இல்லை. படகுத்துறையில் மண்டியிட்டு, விரிசல் விட்ட பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். குளிர்காலம் முழுக்க, துறையின் கால்களைப் பனி நெரித்துவிடாமல் இருக்க, அடித்தண்ணீரைக் கலக்கி மேலே தள்ளும் மோட்டார் ஒன்றை ஓட்டுவது அவர் வழக்கம். அதனால் துறையைச் சுற்றி இருபதடி தூரத்துக்குத் தண்ணீர் உறையாமல் கிடக்கும். அந்த வட்டத்தைச் சுற்றிக் கம்பு நட்டு ஆரஞ்சு நிறக் கயிறு கட்டியாக வேண்டும். சட்டமும் அதுதான், மரியாதையும் அதுதான்.

துளைபோடும் கருவியும் தண்ணீருக்குள் மின்சாரமும் ஒரே இடத்தில் வேண்டாமே என்று முந்தாநாள் மோட்டாரை நிறுத்தினார். நல்ல புத்திதான். இன்று காலை கழற்றிய பலகைகள் காற்றில் சரிந்தன. கட்டுவதற்குக் கயிறு கொட்டகையில் இருந்தது. கொட்டகை நாற்பதடி தூரம். ஆரஞ்சுக் கயிற்றின் நுனியோ துறைக் காலிலேயே, கைக்கெட்டும் தூரத்தில். அவிழ்த்து இழுத்தார், கம்புகளும் சாய்ந்தன. அங்கேதான் நல்ல புத்தி விடைபெற்றுப் போனது.

பலகைக் கட்டுக்குக் கடைசி முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஏரியைப் பார்த்தார். வட்டத்தைக் காணோம். இரண்டு இரவுக் குளிரில் தண்ணீர்மேல் மெல்லிய ஆடை படர்ந்து, விடிகாலைப் பனி அதன்மேல் வெள்ளையடித்திருந்தது. ஏரி முழுக்க ஒரே வெள்ளை. அந்த வெள்ளையில் நேராகத் துறையை நோக்கி ஒருவர் வந்துகொண்டிருந்தார். மனைவி ஆர்டிஸின் அண்ணன் டோய்வோ. பின்னால் சறுக்குவண்டி, அதில் ஒரு வாளி பெர்ச் மீன், மீன் வாளியின்மேல் கடப்பாரை.

“மச்சான்! அங்கயே நில்லு!”

டோய்வோ கையை ஆட்டிக்கொண்டே நடந்தார்.

“மச்சான், வராதே! பனி மெலிசா இருக்கு!”

“ஆமா ஆமா, மெலிசுதான்! போன வருசமும் மெலிசுதான்!”

போன வருடம் இதே ஏரியில், இதே குரலில், “பனி உடையுது” என்று கத்தி, டோய்வோவை வாளியைப் போட்டுவிட்டு ஓட வைத்தவர் வெர்லின்தான். ஊர்ச் சாராயக்கடையில் அந்தக் கதையை எட்டுத் தடவை சொன்னார். ஓட்டத்தை நடித்தும் காட்டினார்.

“இது விளையாட்டு இல்ல, மச்சான்! மோட்டார் நின்னு ரெண்டு நாள்தான் ஆச்சு!”

“கயித்தை எடுத்துட்டியே மாப்ளே! கெட்டியானாத்தானே எடுப்பாங்க? என்னை ஒரு மைல் சுத்த வைக்கணும், அதானே? எனக்குக் காப்பி வேணும்!”

முப்பதடி. இருபத்தைந்து.

“கடப்பாரையை எடுத்து ஒரு குத்துக் குத்திப் பாரு! ஒண்ணே ஒண்ணு!”

“குத்துவேன், நீ அங்க நின்னு சிரிப்பே! தங்கச்சி ஜன்னல்ல படம் புடிச்சிட்டிருக்காளா?”

வெர்லின் கையைக் கூப்பினார். டோய்வோ அதற்கும் சிரித்தார். போன வருடமும் கூப்பியிருந்தார் போலிருக்கிறது. ஓடிப்போய்த் தடுக்கலாம் என்றால் இடையில் இருப்பதே அந்த வட்டம்தான். உண்மை கையில் இருந்தும் செல்லாக் காசாகிவிட்டது. முப்பத்தைந்து வருடமாக இந்த வாய் செய்த வேலை.

இருபதடி.

“தப்பு என்னுது!” என்று அலறினார். குரல் நடுவிலேயே பிசிறியது. “கயித்தை நான்தான் அவுத்தேன் மச்சான்! பலகை கட்டுறதுக்கு! சோம்பேறித்தனம்! நான் ஒரு முட்டாள், தப்பு என்னுது!”

டோய்வோ நின்றார்.

படகை மூழ்கடித்தபோது வெர்லின் காற்றைக் குறை சொன்னார். ஆர்டிஸின் காரை மரத்தில் மோதியபோது மரத்தைச் சொன்னார். இந்த இரண்டு சொல்லை டோய்வோ அவர் வாயிலிருந்து ஒருநாளும் கேட்டதில்லை.

கண்ணை எடுக்காமல் பின்னால் கைவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். ஓர் எட்டுத் தூரம் முன்னால் குத்தினார். சத்தமே இல்லை. கடப்பாரை பனியைத் தொட்டது, போய்விட்டது. கை வெறுங்கையாக நின்றது. குத்திய இடத்திலிருந்து ஈரம் சாம்பல் நிறத்தில் பரவி அவர் காலணியை நோக்கி வந்தது.

“படு மச்சான். மெதுவா. கையை விரிச்சுப் படு.”

படுத்தார்.

“வந்த பக்கமே உருளு. எந்திரிக்காதே.”

அவருக்கு அடியில் பனி நீளமாக முனகியது. அந்த ஆஜானுபாகு மனிதர் பீப்பாய் மாதிரி உருண்டார். வேறு எந்த நாளாக இருந்தாலும் வெர்லினுக்கு அது பத்து வருடத்துக்கான சரக்கு. இன்று உருளல் ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் எண்ணினார். ஒன்பதாவதில் டோய்வோ சறுக்குவண்டியைத் தாண்டினார். பதினாலாவதில் மண்டியிட்டு எழுந்தார். கீழே பனி அசையவில்லை.

ஊர்ப் பொதுப் படகுத்துறையில் பலகை போட்டிருந்த இடத்துக்கு அவர் ஒரு மைல் சுற்றி வந்து சேரும்வரை, வெர்லின் கரையோரமாகப் புதரிலும் சேற்றிலும் கூடவே ஓடினார். பாதி வழியில் ஒரு காலணியைச் சேறு வாங்கிக்கொண்டது. பலகை வழியே டோய்வோ கரையில் இறங்கினார். வெர்லினின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னொரு தடவை சொல்லு.”

“என்னத்தை?”

“தப்பு யாருது?”

“என்னுது.”

“ம்.”

இருவரும் வீட்டுக்குப் போகவில்லை. வெர்லின் ஒற்றைக் காலணியோடு கொட்டகையிலிருந்து கம்புகளையும் கயிற்றையும் எடுத்து வந்தார். அதே பலகையில் ஏறிப் போய்க் கெட்டிப் பனியில் வெர்லின் கம்பு நட்டார், முடிச்சுகளை டோய்வோ போட்டார். ஒற்றைக் கையால்தான் போட்டார். இன்னொரு கை வெர்லினின் சட்டையை விடவே இல்லை.