தேன்மேனி

எங்கள் ஏலக்கூடத்தில் 'மேனி' என்று ஒரு சொல் உண்டு. பழைய வெள்ளிக்காசு காகித உறையிலோ மரப்பெட்டியிலோ யாரும் தொடாமல் பல வருடம் கிடந்தால் அதன்மேல் தானாக ஒரு நிறம் ஏறும். தேன், ரோஜா, ஊதா, நீலம் என்று எது வேண்டுமானாலும் ஏறலாம். அதுதான் மேனி. அழகாக ஏறிவிட்டால் அதே வருடத்துச் சாதாரணக் காசைப்போல நாலு மடங்கு, ஆறு மடங்கு கொடுத்துக்கூட எடுப்பார்கள். அசிங்கமாக ஏறினால் அதற்குப் பெயர் கறை. அதைச் சீந்த ஆள் இருக்காது. எது மேனி, எது கறை என்று ஏலப் பட்டியலில் ஒவ்வொரு காசுக்கும் ஒரு வரி எழுதுவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன்.

அடக்கமாகச் சொல் என்றால் என்னால் முடியாது. நான் 'தேன்மேனி, நன்று' என்று எழுதினால் கூடத்தில் கைகள் உயரும். ஏலத்துக்கு முந்தின நாள் காசுகளைப் பார்வைக்கு வைப்போம். வருகிறவர்கள் காசைப் பார்ப்பதைவிட என் வரியைத்தான் அதிக நேரம் பார்ப்பார்கள். எதிர்த்துப் பேசியவர்களை நான் சும்மா விட்டதில்லை. ஒருமுறை ஒரு பல் மருத்துவர், "இதுல தேன் எங்க சார் இருக்கு? வெள்ளையாத்தானே இருக்கு?" என்று கேட்டார். "நாள் பூரா பல்லையே பார்த்தா எல்லாம் வெள்ளையாத்தான் தெரியும் டாக்டர்" என்றேன். கூடமே சிரித்தது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஒழிந்தது சனியன் என்று நினைத்தேன்.

என் தங்கை தையல் வேலை செய்கிறவள். வீட்டு முன்னறையில் ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு தனியாளாகத் தைத்துச் சம்பாதித்தாள். நாலு வருடத்துக்கு முன்பு, சேர்த்த பணத்தை எதில் போடலாம் என்று என்னிடம் கேட்டாள். கப்பல் பொறித்த ஒரு காசைக் காட்டினேன். அதற்கு நான் தேன்மேனி என்று எழுதியிருந்தேன். "கண்ணை மூடிக்கிட்டு வாங்கிப் போடு. மேனி இருக்கிற காசு விலை இறங்கவே இறங்காது" என்றேன். அவள் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரிண்ணே, நீ சொன்னா சரி" என்றாள். ஆறு மடங்கு கொடுத்து எடுத்தாள்.

இப்போது அவளுக்கு ஒரு கடை கிடைத்திருக்கிறது. மூலைக் கடை, நல்ல வெளிச்சம், பெரிய எம்பிராய்டரி மெஷின் போட இடமும் இருக்கிறது. கடையின் சொந்தக்காரரிடம் மாதக் கடைசியில் பணம் தருவதாகச் சொல்லிவிட்டாள். கப்பல் காசு ஏலத்துக்குத் திரும்பி வந்தது. பட்டியலில் அதற்கு நாற்பத்தொன்றாம் எண்.

இதற்கு நடுவில்தான் என் கண்புரைக்கு ஆபரேஷன் நடந்தது. வலது கண்ணுக்கு இப்போது, இடது கண்ணுக்கு இரண்டு மாதம் கழித்து என்று சொன்னார்கள். கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன்.

"ஜன்னல் துணியை எப்ப மாத்துன?"

"எங்க மாத்துனேன்? ஆறு வருஷமா அதே நீலத் துணிதான் தொங்குது."

"சாம்பல் கலர்ல இருந்துச்சே?"

"உங்களுக்கு இருந்திருக்கும். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சும்மாவா சொன்னாங்க?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பால் வெள்ளையாக இருந்தது. சுவர் வெள்ளையாக இருந்தது. என் தலைமுடி நான் நினைத்ததைவிட மிகவும் வெள்ளையாக இருந்தது. வீட்டுக்குள் இருந்தவரை அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து வேலைக்குப் போனேன். அடுத்த ஏலத்துக் காசுகள் பச்சைத் துணி விரித்த தட்டில் காத்திருந்தன. ஆபரேஷனுக்கு முன்பு சிலவற்றுக்குப் பென்சிலால் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். ஒரு காசுக்கு 'கறை, கறுப்பு' என்று எழுதியிருந்தேன். அதை எடுத்து விளக்கடியில் சாய்த்தேன். மயில் கழுத்து நீலம். விளிம்பில் தொடங்கி உள்ளே போகப் போக ஊதாவாகக் கரைந்தது. அப்படி ஒரு மேனியை நான் ஆயுசில் பார்த்ததில்லை. இல்லை, பார்த்திருக்கிறேன். பார்த்துக் கறை என்று எழுதியிருக்கிறேன்.

எனக்கு உடனே துணிப்பை ஞாபகம் வந்தது. எப்போதும் ஒரு பழைய துணிப்பையோடு கடைசி வரிசையில் உட்காரும் மனிதர். நான் கறை என்று எழுதியதை மட்டும் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போவார். குப்பை பொறுக்க வந்துட்டாரு என்று அவரை எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்! அவர் ஒரு தடவைகூட என்னைத் திருத்தவில்லை. ஏன் திருத்துவார்? நான் அல்லவா அவருக்குப் படியளந்து கொண்டிருந்தேன்.

அடுத்து நாற்பத்தொன்றை, தங்கையின் கப்பல் காசை, எடுத்தேன். வெள்ளை. மங்கிப்போன, கழுவி வைத்த ஸ்பூன் மாதிரி வெள்ளை. வலது கண்ணை மூடினேன். தேன் வந்தது. இடது கண்ணை மூடினேன். ஸ்பூன் வந்தது. பளபளப்பான காசுகள் என்னிடம் எப்படியோ வெள்ளையாகத் தப்பித்திருக்கின்றன. கொஞ்சம் மங்கியதெல்லாம் தேனாகியிருக்கிறது. தேன் காசில் இல்லை, என் கண்ணில் இருந்திருக்கிறது.

நான் ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்துகொண்டிருந்தபோது முதலாளி உள்ளே வந்தார். "என்ன சார், காசைப் பார்த்துக் கண்ணடிக்கிறீங்க?" என்றார். அவருக்கு அன்று நல்ல மனநிலை. "நாளைக்குக் காலைல பட்டியல் அச்சுக்குப் போகணும். எழுதி வச்சிடுங்க."

அவர் போனதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். வலது கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் அது பொய் ஆகாதே? இடதும் என் கண்தானே? பார்த்ததைத்தானே எழுதுகிறேன்? 'தேன்மேனி, நன்று' என்று இரண்டே வார்த்தை. யாரோ ஆறு மடங்கு கொடுப்பார்கள், தங்கைக்குக் கடை வந்துவிடும். வெள்ளை என்று எழுதினால் அவள் போட்டதில் ஆறில் ஒரு பங்குதான் திரும்பும். அதை வைத்துக் கடை பிடிக்க முடியாது, கடைக்கு ஒரு பூட்டு வாங்கலாம்.

வலது கண்ணை மூடிக்கொண்டு 'தேன்' வரை எழுதிவிட்டேன். அப்புறம் பென்சில் நகரவில்லை. அந்த யாரோ ஒருவர் இருக்கிறாரே, அவரைப் பற்றி இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு நிமிடமும் நினைத்ததில்லை. எழுதியதை அழித்துவிட்டுத் தங்கை வீட்டுக்குக் கிளம்பினேன்.

அவள் ஒரு பெண்ணின் கவுனுக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் அறுபது எழுபது நூற்கண்டுகள் நிறவாரியாக அடுக்கியிருந்தன. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "வாண்ணே, கண்ணு எப்படி இருக்கு?" என்றாள்.

"கண்ணு நல்லாயிருக்கு. அதுதான் தொல்லை" என்று ஆரம்பித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அந்தக் காசில் தேனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அது வெறும் வெள்ளை. நாளைக்கு அப்படித்தான் எழுதப்போகிறேன். போட்ட பணம் வராது.

அவள் தையலை நிறுத்தவில்லை. "எழுது" என்றாள். அடுத்த மடிப்பைப் பிடித்துக்கொண்டே, "எனக்கு அன்னைக்கே வெள்ளையாத்தாண்ணே தெரிஞ்சுது" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! என்மேல் வரவேண்டியது, வழக்கம்போல அடுத்தவர்மேல் பாய்ந்தது. "தெரிஞ்சா வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? அவ்வளவு பணத்தைக் கொட்டி எதுக்கு வாங்குன?"

"நீ தேன்னு சொன்னியே."

"நான் சொன்னா? நூல் கலரைத் தூரத்துல நின்னே சொல்றவ நீ. உனக்குத் தெரியாதா?"

"நூலு என் வேலை. காசு உன் வேலை. இத்தனை வருஷமா ஊரே உன் பேச்சைக் கேட்டு வாங்குது. அது எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் தெரியலைன்னா தப்பு என் கண்ணுலதான்னு நெனச்சேன்."

ஊருக்கும் தெரியவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அத்தனை பேரும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, வெள்ளையைத்தான் கண்டிருப்பார்கள். கண்டவர்களில் ஒருவர் வாயைத் திறந்தார். அந்தப் பல் மருத்துவரையும், கூடத்தையே பல்லைக் காட்டிச் சிரிக்க வைத்து விரட்டினேன்.

"கடைக்குக் குறையிற பணத்தை நான் போடுறேன்" என்றேன்.

"போடு. வேணாம்னு சொல்லுவேன்னு நெனைச்சியா?" என்று சிரித்தாள். பிறகு கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி விரல்களுக்கு நடுவே திருப்பினாள்.

"அந்தக் காசை வாங்கின மறுவாரம்தாண்ணே இதைப் போட்டேன். கண்ணு டெஸ்ட் பண்ணினவரு, உங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா, கண்ணாடி வேணாம்னாரு. நான்தான் விடலை. எங்கண்ணனுக்குத் தெரியிற கலரு எனக்குத் தெரியலை, ஏதாவது குடுங்கன்னு கேட்டு வாங்கினேன். நாலு வருஷமா இதைப் போட்டுக்கிட்டு அப்பப்ப அந்தக் காசை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். வெள்ளையாவே இருக்கும். இன்னும் பழகலை போலிருக்குன்னு வச்சிடுவேன்."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கக்கூடத் தோன்றவில்லை. அவள் என்னைத் தேற்றவும் இல்லை. கண்ணாடியை மடித்துக் கூட்டில் போட்டு மூடினாள். விளக்கைக்கூடக் கிட்டே இழுக்காமல், ஒரு ஊசியை எடுத்து முதல் தடவையிலேயே நூலைக் கோத்தாள்.