விடுபட்ட ‘டா’

என் சட்டைக் காலரில் மைக்கைக் குத்திக்கொண்டே, படத்தில் என் முகத்துக்குக் கீழே ‘இறந்தவரின் தம்பி’ என்று எழுத்து வரும் என்றாள் டைரக்டர். வல்லின ‘ற’ போடச் சொன்னேன். இடையின ‘ர’ போட்டால் பிச்சை கேட்டவரின் தம்பி ஆகிவிடுவேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அச்சகத்தில் பிழை திருத்துவதுதான் என் பிழைப்பு. இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் விட்ட கொம்பையும் காலையும் போட்டுக்கொண்டிருப்பதால் அங்கே எனக்குக் ‘கொம்பு’ என்றே பெயர். என் அறையில் ஒரு நாற்காலிதான் உண்டு. அதில் என்னை உட்கார வைத்துவிட்டதால் கேமராக்காரர் கட்டில்மேல் ஏறி நின்றார், டைரக்டர் புரூஃப் கட்டுகளின்மேல் உட்கார்ந்தாள். இந்த அறையில் மூன்று பேர் சேர்ந்து இருப்பது அதுதான் முதல் தடவை. இவர்கள் போனதும் எவ்வளவு வெறிச்சென்று ஆகிவிடும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

அக்கா கொலையுண்டபோது இந்தப் பெண்ணுக்குப் பால்பல்கூட விழுந்திருக்காது. ஆனால் வழக்கைக் கரைத்துக் குடித்திருந்தாள். ‘மாடிவீட்டுக் கொலை’ என்று பத்திரிகைகள் மூன்று மாதம் எழுதித் தீர்த்த வழக்கு. கீழ்வீட்டில் குடியிருந்த கணக்கு வாத்தியாருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். இரண்டே சாட்சியங்கள். ஒன்று, எங்கள் வீட்டில் கிடந்த அவருடைய குடை. அக்கா இரவல் வாங்கிப் போனதாக அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. இன்னொன்று, எதிர்வீட்டு அம்மாளின் வாக்குமூலம். ஆறேகால் மணிக்குக் கதவு தட்டும் சத்தமும், உள்ளேயிருந்து அக்கா, ‘வந்துவிட்டீர்களா, கதவு திறந்துதான் இருக்கிறது’ என்று சொன்னதும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற வெளி ஆண் வாத்தியார் ஒருவர்தான். அந்த ‘ஈர்கள்’ அவரைப் பதினான்கு வருடம் உள்ளே வைத்தது.

எனக்கும் அதில் சந்தேகமே இருந்ததில்லை. ஏன் செய்தார் என்பதைத்தான் தேடினேன். லீவு நாட்களில் அவருடைய பழைய மாணவர்களைத் தேடித் தேடிப் போய்ப் பார்த்தேன். பிரம்பைக்கூடத் தொடாத மனிதர் என்றார்கள் எல்லோரும். நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். தீர்ப்பின் நகலை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. அதில் முப்பத்தொரு பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறேன்.

டைரக்டர் ஒரு பழைய கேசட்டைக் கொண்டுவந்திருந்தாள். கொலை நடந்த மறுநாள் காலை, போலீஸ் வாக்குமூலம் எழுதுவதற்கு முன்பே, ஒரு நிருபர் எதிர்வீட்டு அம்மாளைப் பேச வைத்துப் பதிவு செய்தது. அந்த அம்மாள் இப்போது இல்லை. கேசட் கரகரத்தது, பிறகு அவள் குரல் வந்தது.

“துணி மடிச்சிட்டிருந்தேங்க. யாரோ கதவத் தட்டுனாங்க. உள்ளேர்ந்து அந்தப் பொண்ணு, ‘வந்துட்டியாடா, தொறந்துதான் இருக்கு’ன்னுச்சு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

டைரக்டர் கேசட்டை நிறுத்தினாள்.

“சார், உங்க அக்கா யாரை ‘டா’ போட்டுப் பேசுவாங்க?”

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதியவர்தான். அவர்மேல் கோபம்கூட வரவில்லை. செத்துப்போன பெண்ணின் வாயில் ‘டா’ இருந்தால் சர்க்கார் காகிதத்தில் நன்றாக இருக்காது என்று நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் திருத்தியிருப்பேன். கோர்ட்டில் படித்துக் காட்டியபோது அந்த அம்மாளும், எழுதினால் இப்படித்தான் இருக்கும்போல என்று தலையாட்டியிருப்பாள். முப்பத்தொரு பிழை பிடித்த என் கண்ணிலும் படவில்லை. படாது. ‘வந்துவிட்டீர்களா’ என்பதில் எழுத்துப் பிழை எதுவும் இல்லையே.

அக்கா தெருநாயைக்கூட ‘வாங்க, சாப்பிட்டீங்களா’ என்று கேட்கிறவள். இந்த உலகத்தில் ஒரே ஒருத்தனைத்தான் அவள் ‘டா’ போட்டாள்.

அன்றைக்கு ஆறு மணிக்கு வந்துவிடுவதாக அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன். கேரம் ஆட உட்கார்ந்தவன், ஒரு ஆட்டம் என்றது நாலு ஆட்டமாகி, ஒன்பது மணிக்குத்தான் வீட்டுக்குப் போனேன். வாசலில் போலீஸ் நின்றது. அக்காவிடம் எத்தனை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய் என்று கேட்டார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆறு என்று சொன்னால் அந்தக் கையை விட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. ஒன்பது என்று சொல்லிவிட்டேன். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்றுதான் நினைத்தேன். ஆறு மணிக்கு அக்கா என்னை எதிர்பார்க்கவில்லை என்றால் வந்தவர் வாத்தியார்தானே என்று முடிவு கட்டிவிட்டார்கள். கதவை எனக்காகத் தாழ் போடாமல் வைத்திருந்தாள் என் அக்கா. வேறு யாரோ தட்டியதை நான் தட்டியதாக நினைத்திருக்கிறாள்.

டைரக்டர் அவசரப்படுத்தவில்லை. ஞாபகமில்லை என்று சொன்னால் போதும். அம்மா போய்விட்டாள், எதிர்வீட்டு அம்மாளும் போய்விட்டாள். மறுத்துப் பேச யாரும் இல்லை. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

“என்னைத்தான்,” என்றேன். “ஆறு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருந்தேன். போலீஸ்ல ஒன்பதுன்னு பொய் சொல்லிட்டேன்.”

அதற்கப்புறம் அழுதேன். அக்காவுக்காக அப்படி அழுது பல வருடம் ஆகியிருந்தது. கேமராக்காரர் கட்டிலிலிருந்து இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவர்கள் கிளம்பும்போது டைரக்டரிடம் வாத்தியாரின் விலாசத்தைக் கேட்டேன். அவர் படத்தில் வர மறுத்துவிட்டார் என்றாள். நான் கேமரா இல்லாமல்தான் போகிறேன் என்றேன். புரூஃப் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். அதில் ஒரு ஒற்று விடுபட்டிருந்தது. திருத்தவில்லை.

மறுநாள் காலை அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். சந்துக்குள் கடைசி வீடு. வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு, என் அறை வாசலில் இருப்பதைப் போலவே. எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் வாக்கியங்களைத் திருத்திக்கொண்டே வந்திருந்தேன். கதவைத் தட்டியதும் எல்லாம் மறந்துவிட்டது. உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு கிழட்டுக் குரல் ஒன்று, யாரென்று தெரியாமலே சொன்னது.

“வாங்க, தொறந்துதான் இருக்கு.”

கதவில் ஒரு விரல் அளவு இடைவெளி இருந்தது. அதன் வழியாக உள்ளே தரையில் வெயில் ஒரு கோடாக விழுந்திருக்க, அந்தக் கோட்டின்மேல் என் நிழல் கிடந்தது. கதவில் வைத்த கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.