கிழமைக்கு ஒருக்கால் ஏறினால் போதும்

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. வட்ஸ்அப்பில் வந்தது. என் தங்கை தாட்சாயினி குளியலறையில் நிறை பார்க்கும் மெசினில் ஏறி நின்று, தன் கால் பெருவிரல்களுக்கு நடுவே தெரிந்த எண்ணைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அடியில் ஒரு சொல்லும் இல்லை. நான் அப்போது ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் கதிரையில் இருந்தேன். இடது கையில் ஊசி. வலது கைப் பெருவிரலால் போனில் எழுதத் தொடங்கினேன். இப்போதும் அந்த ஒரு விரல்தான்.

விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு புதிர் போட்டேன் என்று நீங்கள் முறைக்கக் கூடாது. என் இரண்டு கிட்னியும் போய்விட்டன. தாட்சாயினி தன்னுடையதில் ஒன்றைத் தருகிறாள். பொருத்தமெல்லாம் சரி, நிறைதான் கூட. தொண்ணூறு கிலோவுக்குக் கீழே வந்தால் ஒப்பரேசனுக்கு நாள் வைப்பார்கள். வராவிட்டால் இன்னும் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். இரண்டு தடவை பொறுத்தாயிற்று. டயாலிசிஸ் ஊசி ஏற்றும் என் கை நரம்பு அடைக்கத் தொடங்கிவிட்டது. மூன்றாவது தடவை பொறுக்க நான் இருப்பேனா என்று டொக்டரைக் கேட்டேன். அவர் தங்கையின் நிறை இப்போது எவ்வளவு என்று கேட்டார்.

2.

முதல் தொடக்கம்: "செயின்ட்-மிஷேல் பகுதியில் பனி கொட்டிய ஒரு காலையில் தாட்சாயினி தன் தாலிக்கொடியைக் கழற்றி, கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டு மெசினில்..."

(அழித்துவிட்டேன். பதினொரு பவுன் கொடியைக் கழற்றினால் நூறு கிராம்கூடக் குறையாது. அதோடு இதை வாசித்தால் என்னைக் கொன்றுபோடுவாள். ஆனால் கழற்றினாள். அவள் கணவன் ரதீசன்தான் சொன்னான், சிரிக்காமல்.)

இரண்டாவது தொடக்கம்: "அருளம்பலம் என்றொரு நல்ல மனிதர் இருந்தார். தங்கையின் சுகமே தன் சுகம் என்று..."

(இதுவும் போச்சு. அருளம்பலம் நான்தான். அவ்வளவு நல்லவன் இல்லை. எழுதுகிறவன் தன்னையே பாத்திரமாக்கினால் உடனே வேட்டி கட்டி, விபூதி பூசிக்கொண்டு வந்து நிற்கிறான். எனக்கு எரிச்சல் வருகிறது.)

3.

எத்தனை நாளுக்கு ஒருமுறை நிறை பார்ப்பது? இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதலாம். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண் சொன்னது: கிழமைக்கு ஒருக்கால், அதாவது வாரத்தில் ஒரு முறை, ஒரே நாள், ஒரே நேரம். வேறு சிலர் தினமும் ஏறு, ஆனால் ஒற்றை நாளை நம்பாதே, கிழமையின் போக்கைப் பார் என்கிறார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. தாட்சாயினி இரண்டையும் கேட்கவில்லை. எழும்பினால் ஏறுவாள், குளித்தால் ஏறுவாள், தேத்தண்ணீர் குடிக்க முன்னம் ஏறுவாள், குடித்த பின்னும் ஏறுவாள். மெசினை எந்த மூலையில் வைத்தால் கொஞ்சம் குறைத்துக் காட்டும் என்பதும் அவளுக்கு அத்துப்படி.

"ஏன் பிள்ளை இப்பிடி ஏறி ஏறிச் சாகிறாய்? கிழமைக்கு ஒருக்கால் ஏறினால் போதும் எண்டெல்லோ சொன்னவை."

"கிழமைக்கு ஒருக்கால் ஏறினால் நெஞ்சு இடிக்குது அண்ணை. அடிக்கடி ஏறினால் பழகிப் போயிடும்."

"பழகினதோ?"

"இல்லை."

* அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: என்னையும் நிறுக்கிறார்கள். டயாலிசிஸ்காரனை வரும்போதும் நிறுப்பார்கள், போகும்போதும் நிறுப்பார்கள். நேர்ஸ் பேனாட் "போன்ஜூர்" என்று வணக்கம் சொல்ல முன்னமே மெசினைத்தான் காட்டுவான். இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பது கொழுப்பில்லை, தண்ணீர். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. மற்றவர்களுக்கு இது பள்ளிக்கூடப் பாடம். எனக்கு இதுதான் சீவியம்.

4.

ஆஸ்பத்திரியில் நிறுக்கும் மூன்றாவது சந்திப்புக்கான நாளைத் தாட்சாயினியே கேட்டு வாங்கினாள். கந்தசஷ்டி முடிந்த மறுநாள், காலை எட்டு மணி.

ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சின்னப் பிள்ளையிலிருந்தே சஷ்டி விரதம் பிடிக்கிறவள். இம்முறை மிளகும் தண்ணீரும் மட்டும். கடைசி நாளான சூரன்போரன்று தண்ணீரும் இல்லை. கோயிலில் சனம் அவளுடைய பக்தியைப் பார்த்து உருகிப்போனது. மறுநாள் விடியப் பாரணை, எல்லோரும் சோறு கறியோடு விரதம் முடிப்பார்கள். அவள் மட்டும் பாரணையை ஆஸ்பத்திரிக்குப் பிறகு என்று தள்ளிவைத்தாள். முருகனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் விரதம் பிடித்தது மெசினுக்கு.

விரதத்தின் நடுவில் எண் சறுக்கிக்கொண்டு இறங்கியது. படம் வந்தது. "பிள்ளை, இது வெறும் தண்ணி, சோறு கண்ட உடனை திரும்பி வந்திடும், உடம்பைக் கெடுக்..."

எழுதினேன், அனுப்பவில்லை. பெருவிரலை உயர்த்திக் காட்டும் அந்தக் குட்டிப் படத்தை அனுப்பினேன்.

(இந்த இடத்தில் நீங்கள் என்னைத் திட்டலாம். ஒரு வரி இடம் விடுகிறேன்.)



5.

இன்றுதான் அந்தக் காலை. அவள் மூன்றாம் மாடியில், நான் கீழே கதிரையில். பேனாட் குழாயைச் சரிபார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போகிறான். போன் அடிக்கிறது. (பேசிக்கொண்டே எப்படி எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன்.)

"அண்ணை, வீட்டிலை ஏறிப் பாத்தனான். எண்பத்தொன்பது புள்ளி ஆறு."

"இப்ப எங்கை நிக்கிறாய்?"

"மெசின் இருக்கிற அறை வாசலிலை. எனக்கு முன்னம் ஒராள் நிக்குது. அண்ணை, கண் இருட்டிக்கொண்டு வருது."

"இரு. முதல்லை கதிரையிலை இரு."

"இருந்திட்டன். என்ரை முகத்தைப் பாத்திட்டு நேர்ஸ் பிள்ளை ஒரு தண்ணிப் போத்தல் தந்தவ. விரதம் எண்டு நான் சொல்லேல்லை. சொன்னால் பேந்து இன்னொரு நாள் வரச் சொல்லிப்போடுவினம்."

"எவ்வளவு பெரிய போத்தல்?"

"அரை லீற்றர்."

இருவரும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தோம்: தொண்ணூறு புள்ளி ஒன்று.

"குடிச்சிட்டு ஏறட்டோ அண்ணை? ஏறிப்போட்டுக் குடிக்கட்டோ?"

6.

முடிவு ஒன்று. "ஏறிப்போட்டுக் குடி" என்கிறேன். ஏறுகிறாள். நாள் வைக்கிறார்கள். நான் பிழைக்கிறேன். (அல்லது ஏறும்போது விழுந்து தலையை அடித்துக்கொள்கிறாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து கிட்னி எடுக்கமாட்டார்கள். பார்த்தீர்களா, அவள் விழுந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது கிட்னி.)

முடிவு இரண்டு. "குடி" என்கிறேன். குடிக்கிறாள். தொண்ணூறைத் தாண்டிவிடுகிறது. மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் நான்...

(முடிக்கவில்லை. பயமாக இருக்கிறது.)

முடிவு மூன்று. ஆஸ்பத்திரிக்காரர் மனம் இரங்கி, நூறு கிராம்தானே என்று... (இப்படி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போங்கள்.)

எந்த முடிவை எழுதினாலும் அதில் எனக்குப் பங்கு இருக்கிறது. உங்களுக்கு இல்லை. உங்களுடைய இரண்டும் பேசாமல் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. ஒரு மிடறு தண்ணீர் குடிக்குமுன் நீங்கள் யோசிப்பதே இல்லை. ஆகவே நீங்கள் சொல்லுங்கள். போனை உங்கள் பக்கம் நீட்டுகிறேன்.

"அண்ணை, என்ரை பேரைக் கூப்பிடுகினம். நாக்கு ஒட்டுது. கெதியாச் சொல்லுங்கோ."