இரண்டு முறை எண்ணப்பட்ட தாய்மார்கள்

குழந்தைப்பேற்றுக்காகச் சிகிச்சை எடுப்பவர்களின் விவரம் நாடெங்கும் உள்ள மையங்களிலிருந்து ஒரே அலுவலகத்துக்கு வந்து சேரும். அதைப் பதினோரு வருஷமாகச் சரிபார்ப்பவள் மூத்த மருமகள். கூட்டு ஆய்வுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து புள்ளியியல் நிபுணர் ஒருவர் வருகிறார் என்றார்கள். வந்து நின்றவளோ அவளுடைய ஓரகத்தி!

வீட்டில் ஏற்கெனவே அவள் புராணம்தான். "சின்னவ பேரு பத்திரிகையில வந்திருக்கு, பாத்தியா?" என்று மாமியாருக்கு வாய் ஓயாது. இப்போது அலுவலகத்திலும் மேலதிகாரி அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினார். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. மையம் மையமாக ஃபோன் போட்டுக் கெஞ்சி, விட்டுப்போன தேதிகளை வாங்கியவள் இவள். ஆய்வுக் கட்டுரையில் இவளுக்குக் கிடைக்கப்போவது, கடைசியில் "அலுவலக ஊழியர்களுக்கு நன்றி".

சின்னவள் வரைவை அனுப்பினாள். கருப்பையில் ஒரு கருவுக்குப் பதில் இரண்டு வைத்தால் பிள்ளை பெறுபவர்கள் ஒன்றரை மடங்கு என்றது அது. மூத்தவளுக்குப் பொறி தட்டியது. பதிவேட்டில் ஒரு வரி என்றால் ஒரு குழந்தை. இரட்டை பெற்றவளுக்கு இரண்டு வரி. சின்னவள் வரிகளையே தாய்மார்களாக எண்ணியிருந்தாள்.

"அக்கா, படிச்சீங்களா? எங்கயாச்சும் இடிக்குதா?" என்று ஃபோனில் கேட்டாள் சின்னவள்.

"ஒண்ணும் இல்லையே. நல்லாத்தான் இருக்கு."

ஒரு வாரம் பொறுத்தாள். மருத்துவர்கள் நிறைந்த கூட்டத்தில் எழுந்தாள். "இதுல இரட்டைக் குழந்தை பெத்தவங்கள ரெண்டு தடவ எண்ணியிருக்கு."

சின்னவளின் காது சிவந்தது. அங்கேயே கணினியில் எண்ணிப் பார்த்தாள்.

"அக்கா சொல்றது சரி, தப்பு என்னோடது. இத நம்பி எல்லாருக்கும் ரெண்டு கரு வெச்சா இரட்டைப் பிரசவத்துல எத்தன பேருக்கு ஆபத்து! கட்டுரையில அவங்க பேரும் வரணும்."

மூத்தவள் கேட்க ஏங்கிய வார்த்தை. ஆனாலும் உள்ளே குமைந்தது. தோற்பதைக்கூட இவள் என்னைவிட அழகாகச் செய்கிறாளே!

வெளியே வந்ததும் சின்னவள் மெல்லக் கேட்டாள். "அன்னிக்கே தெரியுமா, அக்கா?"

பொய் சொல்ல நா எழவில்லை. "தெரியும்."

"அப்பவே சொல்லியிருந்தா திருத்தியிருப்பேனே."

"திருத்தியிருப்ப. உன் பேரு மட்டும்தான் நின்னிருக்கும்."

சின்னவள் படியிறங்கிப் போனாள்.

திருத்திய கட்டுரை நான்கு மாதம் கழித்து வந்தது. ஒன்றரை மடங்கு சொற்ப வித்தியாசமாகச் சுருங்கியிருந்தது. இரண்டாவது பெயர் மூத்தவளுடையது. "என் மருமகளுங்க ரெண்டு பேரும் சேந்து எழுதினது" என்று வருவோர் போவோரிடமெல்லாம் மாமியார் காட்டினார். மூத்தவள் அந்த நேரம் பார்த்து உள்ளே போய்விடுவாள்.

சின்னவள் இன்றும் "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறாள். அடுத்த ஆய்வின் வரைவை மட்டும் வேறு யாரிடமோ சரிபார்க்கக் கொடுத்திருக்கிறாளாம். யாரிடம் என்று மூத்தவள் விசாரித்துக்கொண்டே இருக்கிறாள்.